குறை சொல்லி விற்ற புத்தகம்

ஏலக்கூடத்தில் அவருக்கு மூணுதரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வங்கிக்கும் வாக்குச்சாவடிக்கும் மட்டும் பயன்பட்டது. 'ஒரு தரம்... ரெண்டு தரம்...' என்று இழுத்துவிட்டு, மூன்றாவதைச் சொல்வதற்கு முன் ஓர் இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில்தான் அவருடைய பிழைப்பு இருந்தது. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, கண்ணெதிரே ரயிலைத் தவறவிட்டவனைப் பார்ப்பதுபோல உச்சுக்கொட்டுவார். எங்கோ ஒரு மூலையில் ஒரு கை எழும்பும்.

பழைய வீட்டுச் சாமான்களும், கடையை மூடுகிறவர்களின் தட்டுமுட்டுகளும்தான் அங்கே வரும். ரசம் போன கண்ணாடியை 'வயசை மறைக்கும்' என்பார். கதவு சரியாக மூடாத பீரோவுக்கு 'நல்ல காற்றோட்டம்'. ஒரு கால் ஆடும் நாற்காலி உட்கார்ந்தவரைத் தாலாட்டும். கேட்கிறவர்களுக்கும் இதெல்லாம் பொய் என்று தெரியும். ஆனாலும் பொய்யை இவ்வளவு சிரத்தையாகச் சொல்கிறவர் மேல் ஒரு மரியாதை வந்துவிடும். மரியாதை வந்தால் கை தானாக மேலே போகும். அவர் பின்னால் சுவரில் 'பொருட்கள் உள்ளது உள்ளபடியே விற்கப்படும்' என்று ஒரு பலகை. வீட்டுக்குப் போனபின் திரும்பி வந்து சண்டைக்கு நிற்காதே என்பது அதன் பொருள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி சமஸ்கிருத டீச்சர். மொழிகள் கற்றுத்தரும் ஒரு நிலையத்தில் மாலை வகுப்பு எடுத்தாள். ஒரு பல் மருத்துவர், ஓய்வுபெற்ற விமானி, காரணம் சொல்ல விரும்பாத ஒரு காப்பீட்டு முகவர் என்று கலவையாக மாணவர்கள். கல்யாணமான புதிதில் மூணுதரம் அவளிடம் கேட்டதுண்டு.

"ஏம்மா, பேரம் பேச ஆளில்லாத மொழியை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"யாரு சொன்னா? வியாபாரிங்க கதையே வண்டி வண்டியா இருக்கு அதுல. குதிரை வித்தவன், கப்பல் முழுகினவன், பங்காளியை ஏமாத்தினவன், எல்லாரும் இருக்காங்க."

அன்று அவருக்கு அந்த மொழி மேல் ஒரு நம்பிக்கை பிறந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத தெரு என்று நினைத்திருந்த இடத்தில் கடைவீதி இருந்திருக்கிறது. அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

அவள் சில வருடங்களாக ஒரு நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். பெயர் தெரியாத ஒரு பௌத்தத் துறவி சமஸ்கிருதத்தில் எழுதியது. அது முழுக்க ஒரே ஒரு சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்தது. சாப்பாட்டு மேசையில் ஒருநாள் அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"தததா."

"பழைய மோட்டார் சைக்கிள் கிளம்புறதுக்கு முன்னாடி இப்படித்தான் சத்தம் போடும்."

அவள் சிரித்தாள். அந்தக் காலத்தில் சிரிப்பாள். "ததான்னா அப்படி. தததான்னா அப்படி இருக்கிற தன்மை. ஒரு பொருள் எப்படி இருக்கோ அப்படியே இருக்கிறது. அது மேல நம்ம ஆசை, பயம், கணக்கு எதையும் ஏத்தாம பார்க்குறது."

"ஏத்தலைன்னா விலை எப்படி ஏறும்?"

"அதான், ஏறாது."

"அப்ப நம்ம போர்டுல இருக்கிறதுதான். உள்ளது உள்ளபடி."

"உங்க போர்டு கையைக் கழுவுறதுக்கு மாட்டினது. இது அது இல்ல," என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஆனால் 'உள்ளபடி' என்ற சொல்லை வைத்துக்கொண்டாள். மொழிபெயர்ப்பு முழுக்க அந்தச் சொல்தான் வந்தது. தன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாள் என்று மூணுதரம் கூடத்தில் நான்கு பேரிடம் பெருமையாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

சங்கடம் பின்னட்டையில் வந்தது.

நூலைப் போட்ட பதிப்பாளர் ஒரு மேசை வாங்கக் கூடத்துக்கு வந்தார். மூணுதரம் பேசுவதைக் கேட்டு, தேவையே இல்லாத இரண்டு அலமாரிகளையும் சேர்த்து வாங்கிவிட்டு, வண்டியில் ஏறுமுன் யோசித்தார். இந்த வாய் என் புத்தகத்துக்குக் கிடைத்தால்? அட்டையின் பின்பக்கத்துக்கு நாலு வரி வேண்டும் என்றார். அவள் அப்போது மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தாள், தொந்தரவு செய்யவேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். மூணுதரம் நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தார். 'உலகிலேயே முதன்முறையாக! இதுவரை எவரும் தொடத் துணியாத ஞானப் பெட்டகம்! ஒரு மூதாட்டியின் ஆயுட்காலத் தவம்!' அவளுக்கு மூதாட்டி வயதில்லை. 'தவம்னா கொஞ்சம் வயசு இருந்தா எடுப்பா இருக்கும்' என்று அவருக்குத் தோன்றியது.

அந்த நூலை அவளுக்கு முன் மூன்று பேர் மொழிபெயர்த்திருந்தார்கள். அந்த மூவரில் ஒருவர் உயிரோடு வேறு இருந்தார். ஆய்வு இதழில் ஒரு பக்கம் எழுதினார். 'நான் தொடத் துணிந்தேன் என்பதையும், இன்னும் சாகவில்லை என்பதையும் பதிப்பாளருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். பொருளின் மேல் எதையும் சேர்க்காதே என்று சொல்லும் ஒரு நூலை வைத்துக்கொண்டு, அட்டைக்கே இவ்வளவு சேர்த்தவர்கள் உள்ளே எவ்வளவு சேர்த்திருப்பார்களோ? நான் உள்ளே போகவில்லை.' அதற்குப் பிறகு வேறு யாரும் உள்ளே போகவில்லை. அவள் துறையில் இருந்தவர்கள் கூட்டங்களில் அவளைப் பார்த்தால் 'பாட்டி, தவம் எப்படிப் போகுது?' என்று கேட்டார்கள்.

அவள் கத்தவில்லை. ஒரு பெட்டியில் துணியும், இன்னொரு பெட்டியில் அகராதியும் எடுத்து வைத்தாள். அகராதிப் பெட்டிதான் கனம்.

"வியாபாரம்னா நாலு வார்த்தை கூடப் போடுறதுதானேம்மா," என்றார் அவர். "ஒரு வார்த்தை உன்னைக் குறைச்சுச் சொல்லியிருக்கேனா?"

"நீங்க அந்தப் புஸ்தகத்தைப் படிச்சீங்களா?"

"விக்கிற பீரோவை எல்லாம் திறந்து பார்த்துக்கிட்டா இருக்கேன்?"

அவள் அகராதிப் பெட்டியை மூடினாள். "ஒரு பொருளைப் பார்த்தா அது என்னன்னு உங்களுக்குத் தோணவே தோணாதாங்க? எவ்வளவுக்குப் போகும்னுதான் தோணுமா?"

நியாயமான கேள்வி என்று அவருக்குப் பட்டது. யோசித்துப் பார்த்தார். எவ்வளவுக்குப் போகும் என்றுதான் தோன்றியது. அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அக்காவின் கணவர், அதாவது சகலை, மின்தூக்கி பழுதுபார்க்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். ஏறுவதும் இறங்குவதும் அன்றி உலகில் எதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டவர் இல்லை. ஒரு வாரம் பொறுத்தார், பிறகு தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சகலை, உங்க வீட்டம்மா என் டிவி ரூம்ல இருக்காங்க."

"சௌக்கியமா இருக்காளா?"

"அவங்க சௌக்கியம். நான்தான் சௌக்கியமா இல்ல. டிவியைத் தூக்கிப் பரண்ல போட்டாச்சு. அது இருந்த இடத்துல ஒரு அகராதி இருக்கு. மேட்ச் பார்க்கிற நேரத்துல என்னை அறியாம அதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"கொஞ்சம் போனைக் குடுங்களேன் அவகிட்ட."

கொடுத்தார். மூணுதரம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "இந்த உலகத்துலயே உன்னை மாதிரி ஒருத்தி..."

"ஆரம்பிச்சுட்டீங்க," என்று அவள் சொன்னது கேட்டது. பிறகு சகலையின் குரல்தான் கேட்டது. "வச்சுட்டாங்க, சகலை. ஒரு தரம்கூடச் சொல்ல விடலை."

அவர் இன்னும் சில முறை முயன்றார். ஒவ்வொரு முறையும் முதல் வாக்கியத்திலேயே அவருடைய வாய் தன் வேலையைக் காட்டியது. மன்னிப்புக் கேட்டால் 'இதுவரை யாரும் கேக்காத அளவுக்கு மன்னிப்பு' என்று வந்தது. பல் தேய்ந்த இயந்திரம் எதைப் போட்டாலும் ஒரே அளவாகத்தானே அரைக்கும்?

பிறகு சகலை ஒருநாள் நேரிலேயே கூடத்துக்கு வந்துவிட்டார். ஏலம் இல்லாத நாள். சாமான்களுக்கு இடையில் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அவங்க வகுப்பு எடுக்கிற நிலையத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம் பார்த்திருக்காங்க. வாடகைக்கு. தனி சமையல், தனி வாசல். இந்த மாசக் கடைசியில முன்பணம் குடுக்கிறாங்களாம். ஒரு வருஷ ஒப்பந்தம்."

தனி வாசல் என்ற சொல்லின் விலை மூணுதரத்துக்குத் தெரியும். தெரிந்தவர்களுக்கு எழுதிக்கொடுத்த வீட்டு விளம்பரங்களில் அவரே பலமுறை அதைப் போட்டு வாடகையை ஏற்றியிருக்கிறார். தனி வாசல் வைத்தவர்கள் பழைய வாசலுக்குத் திரும்புவதில்லை.

"என்ன பண்ணினா வருவா, சகலை?"

"முதல்ல அந்தப் புஸ்தகத்தைப் படிச்சீங்களா இல்லையா?"

"எல்லாரும் இதையே கேக்குறீங்க. நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன். டிவி இல்ல, வேற என்ன பண்றது?"

இது நடந்த அதே வாரத்தில், பதிப்பாளர் தம் கிடங்கைக் காலி செய்தார். சின்ன இடத்துக்கு மாறுகிறார். அலமாரிகள், கட்டு கட்டும் மேசை, ஒரு தராசு, விற்காமல் திரும்பி வந்த புத்தகங்கள் எல்லாம் ஏலத்துக்கு வந்து இறங்கின. மூலையில் அடுக்கிய அட்டைப் பெட்டிகளில் பாதிக்கு மேல் ஒரே புத்தகம். மூணுதரம் ஒரு பெட்டியைப் பிரித்தார். பின்னட்டை மேலே தெரிந்தது. மூதாட்டி, தவம், பெட்டகம். அவர் புத்தகத்தைத் திருப்பி, முதல் தடவையாக அதைத் திறந்தார்.

சுலபமாக இல்லை. இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை தூக்கம் வந்தது. அந்தத் துறவி ஒரு விஷயத்தைச் சொல்வார், அடுத்த வரியில் அதை இல்லை என்பார், அதற்கடுத்த வரியில் இல்லை என்றதையும் இல்லை என்பார். இப்படிப் பேசினால் ஒரு தம்ளர் விற்குமா என்று மூணுதரத்துக்கு எரிச்சல் வந்தது. வாங்க வந்தவன் எழுந்து போய்விடுவான். நடுவில் ஓரிடத்தில் நின்றார். துறவி ஒரு சந்தையைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஒரு குதிரை நிற்கிறது. விற்க வந்தவன் ஒரு குதிரையைப் பார்க்கிறான். வாங்க வந்தவன் வேறொரு குதிரையைப் பார்க்கிறான். இருட்டியதும் வந்து திருடப்போகிறவன் மூன்றாவது ஒன்றைப் பார்க்கிறான். மூன்று குதிரைகள் ஆயின. அங்கே புல் தின்றுகொண்டிருப்பது எது?

இந்த ஆள் சந்தைக்குப் போயிருக்கிறார் என்று மூணுதரத்துக்குத் தெரிந்துபோயிற்று. சும்மா குகைக்குள் உட்கார்ந்து எழுதியது இல்லை. அவர் நிமிர்ந்து எதிரே நின்ற பீரோவைப் பார்த்தார். விலை வந்தது. அதை ஒதுக்கினார். 'பரம்பரைப் பொருள்' என்ற சொல் வந்தது. அதையும் ஒதுக்கினார். துருப்பிடித்த கீலும், கதவில் ஒரு பக்கம் மட்டும் வெளுத்த சாயமும் தெரிந்தன. பூச்சி உருண்டை வாசனை அடித்தது. இவற்றை எப்படி மறைத்துச் சொல்வது என்று வாய் தானாக ஓடியது. வாயை ஓடவிட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பீரோ நின்றுகொண்டிருந்தது. விற்பதற்காக நிற்பதுபோலத் தெரியவில்லை. பிறகு யாரோ வந்து தராசின் விலை கேட்டார்கள், அது முடிந்துபோயிற்று.

ஏலத்துக்குள் புத்தகத்தைப் படித்து முடித்தார். முடித்தார் என்றால் கடைசிப் பக்கம் வரை கண் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கூடத்து வியாபாரிகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். ஏலக்காரர் ஒரு பொருளைப் புகழ்ந்தால் அவர்கள் காதில் வாங்குவதில்லை. அது அவர் வேலை. ஆனால் ஏலக்காரர் ஒரு பொருளைக் குறை சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். குறை சொல்கிற பொருளை ஏலக்காரர் தமக்கு வைத்துக்கொள்ளப் பார்க்கிறார், கூட்டத்தில் எங்கேயோ தம் ஆளை உட்கார வைத்திருக்கிறார் என்பது அவர்கள் வழிவழியாக அறிந்த விஷயம். முன்னே இருந்த ஏலக்காரர் அப்படித்தான் ஒரு கடிகாரத்தை 'ஓடாது' என்று சொல்லி மைத்துனன் பேரில் அடித்துக்கொண்டு போனார். அதிலிருந்து இது சட்டம். மூணுதரத்துக்கும் தெரியும். அன்று மட்டும் மறந்துவிட்டார். புத்தகம் படித்தவர்களுக்கு இப்படி ஆவதுண்டு.

புத்தகப் பெட்டிகளின் முறை வந்தது. முன் வரிசையில் பழைய புத்தகக்காரர் இருந்தார். அவருக்குப் பின்னால் சந்தேகம் இருந்தார். குளியலறைச் சாமான் கடைக்காரர். குழாயைத் திறந்தால் வருவது தண்ணீர்தானா என்று ஒருமுறை முகர்ந்து பார்ப்பவர், அதனால் அந்தப் பெயர். புத்தகம் என்று அவர் படித்தது குழாய்க் கம்பெனி விலைப்பட்டியல் மட்டும்தான்.

"அந்த மூலையில இருக்கிற பெட்டி எல்லாம் சேர்த்து ஒரே உருப்படி," என்று மூணுதரம் ஆரம்பித்தார். "புஸ்தகம். சமஸ்கிருதத்துல இருந்து மொழிபெயர்த்தது. பண்ணினது என் வீட்டம்மா."

"ஓ! வீட்டுச் சரக்கா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"முதல்முறைன்னு அட்டையில இருக்கும். பொய். அதை எழுதினது நான். இதுக்கு முன்னாடி மூணு பேர் பண்ணியிருக்காங்க, இது நாலாவது. மத்த மூணையும் நான் படிக்கலை, அதனால எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது. படிக்கச் சுலபமா இருக்காது. எனக்குப் பாதி புரியலை."

கூடத்தில் சிரிப்பு நின்றது. ஒருவர் தொலைபேசியை அணைத்து உள்ளே வைத்தார்.

"ஏழாவது அத்தியாயத்துல ஒரு குறை இருக்கு. புஸ்தகம் பூரா 'உள்ளபடி'ன்னு போட்டுக்கிட்டு வந்தவங்க, அங்க மட்டும் 'மெய்'னு மாத்திட்டாங்க. ஒரே சரக்குக்கு ரெண்டு சீட்டு ஒட்டின மாதிரி. ஏன்னு தெரியலை. குதிரை வர்ற இடம் நல்லா இருக்கு. மொழிபெயர்த்தவங்களுக்கு மூதாட்டி வயசு இல்ல. அவ்வளவுதான். இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல. கேளுங்க."

ஒரு பொருளைப் பற்றி அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. சந்தேகம் கண்ணை இடுக்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார், ஆனால் அவருடைய மெதுவான குரல் நாலு வரிசைக்குக் கேட்கும்.

"சொந்தப் பொண்டாட்டி புஸ்தகத்தைக் குறை சொல்றான்யா. உள்ள என்னமோ வச்சிருக்கான்."

பழைய புத்தகக்காரர் ஒரு நியாயமான விலை சொன்னார். சந்தேகம் ஏற்றினார். புத்தகக்காரருக்கும் இப்போது சந்தேகம் வந்தது. குழாய் விற்கிறவர் கேட்கிறார் என்றால் விஷயம் இருக்கிறது! அவரும் ஏற்றினார். கட்டில் வாங்க வந்த ஒருவர் கட்டிலை மறந்து கையைத் தூக்கினார். மூணுதரம் விலை ஏற ஏற வெளிறிப்போனார். "ஐயா, நான் உண்மையைத்தான் சொல்றேன், இதுல ஒண்ணும் இல்ல," என்று இரண்டு முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் விலை ஒரு படி மேலே போயிற்று.

"மூணுதரம், நடிப்பை நிறுத்து, சுத்தியலைப் போடு!" என்று கூட்டம் கத்தியது.

கடைசியில் சந்தேகத்துக்கு அடித்தது. அந்தக் கூடத்தில் புத்தகம் எதுவும் அந்த விலைக்குப் போனதில்லை. பதிப்பாளர் ஓடி வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, நீங்க மேதை. குறை சொல்லியே வித்துட்டீங்களே!" கூடமே எழுந்து நின்று கைதட்டியது. பிழைப்பில் அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

மறுநாள் சகலை கூப்பிட்டார்.

"என்ன சகலை இப்படிப் பண்ணிட்டீங்க? ஊரெல்லாம் உங்க ஏலப் பேச்சுத்தான். பதிப்பாளர் நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டாரு அவங்ககிட்ட. 'உங்க வீட்டுக்காரர் புதுசா ஒரு தந்திரம் பண்ணினார், அசந்துபோயிட்டேன்'னு."

"தந்திரம் இல்ல சகலை. நான் நிஜமா..."

"எனக்குத் தெரியாது. 'அட்டையில புகழ்ந்து வித்தார், இப்ப இகழ்ந்து விக்கிறார், இந்த மனுஷன் மாறவே மாட்டார்'னு சொன்னாங்க. நாளைக்கு முன்பணம் குடுக்கப் போறாங்க. எனக்கு டிவி வந்துரும், ஆனா சந்தோஷமாவா இருக்கு?"

மூணுதரம் அன்று முழுக்க வேலை செய்தார். ஒரு பாத்திரக் கடையின் மிச்சத்தை விற்றார். என்ன சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. ஆனால் நல்ல விலைக்குப் போயிற்று. வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்னபோது எல்லோரும் விட்டுக்கொடுத்துப் போனார்கள். ஒரே ஒருநாள் உண்மை சொன்னதற்கு இவ்வளவு பெரிய பெயர் வாங்கியாயிற்று. யாரிடம் போய் முறையிடுவது? முறையிட்டால் அதுவும் தந்திரம் என்பார்கள்.

சாயங்காலம் சகலை மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"உங்க ஆளு ஒருத்தர் வந்து எங்க ஹால்ல உக்காந்திருக்காரு. குழாய்க் கடைக்காரராம்."

"சந்தேகமா?"

"எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல, அவரேதான் சொன்னாரு. ஒரு பெட்டி புஸ்தகத்தையும் தூக்கிக்கிட்டு வந்திருக்காரு. எல்லாத்தோட முதுகையும் கிழிச்சுப் பார்த்திருக்காரு, சகலை. பக்கத்தை வெளிச்சத்துல காட்டிப் பார்த்தாராம். ஒண்ணும் கிடைக்கலையாம். 'அம்மா, உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடுங்க, உங்களுக்கும் ஒரு பங்கு தர்றேன்'னு கெஞ்சுறாரு."

"அவ என்ன சொல்றா?"

"'ஒண்ணும் இல்லைங்க'ன்னாங்க. அவரு, 'அதேதான் உங்க வீட்டுக்காரரும் சொன்னாரு, ரெண்டு பேரும் சேர்ந்து பேசி வச்சிருக்கீங்க'ன்னாரு. இருங்க, இருங்க." சகலை தொலைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு எதையோ கவனித்தார். தூரத்தில் ஓர் ஆண்குரல் மந்திரம் ஒப்பிப்பதுபோல ஓடிக்கொண்டிருந்தது. "உங்க பேச்சை அப்படியே சொல்றாரு. ஒரு எழுத்துக்கூட விடாம. என்ன ஞாபகம்யா இந்த மனுஷனுக்கு!"

ஏலக்கூடத்தில் வளர்ந்தவர்களுக்கு அது கைவந்த கலை. யார் எந்த வார்த்தையை எந்த இடத்தில் அழுத்திச் சொன்னார் என்பதில்தான் அவர்களுக்கு லாபமும் நட்டமும்.

"திரும்பச் சொல்லச் சொல்றாங்க," என்றார் சகலை. சற்று நேரம் கழித்து, "மறுபடியும் சொல்லச் சொல்றாங்க. ஏழாவது அத்தியாயம் வர்ற இடத்தை மட்டும்." பிறகு, "சகலை, உங்க வீட்டம்மா மூஞ்சி சரியில்ல. கோவமா என்னன்னு தெரியலை. நான் வச்சிடுறேன்."

அடுத்த நாள் சாமான்களைப் பார்வையிடும் நாள். நாலைந்து பேர் சாமான்களைத் தட்டிக்கொண்டும் திறந்துகொண்டும் திரிந்தார்கள். மூணுதரம் ஒரு சோபாவுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார். முன்பணம் கொடுத்திருப்பாள் இந்நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள். கையில் முதுகு கிழிந்த ஒரு பிரதி.

நேராக வந்து சோபாவில் உட்கார்ந்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏழாவது அத்தியாயத்துல இருக்கிறது குறை இல்ல."

"சரி."

"சரின்னு சொல்லாதீங்க. ஏன்னு கேளுங்க."

"ஏன்?"

"அங்க பேசுறது ஆசிரியர் இல்ல. அவரோட வாதம் பண்ண வந்தவன். அவனுக்கு அது உள்ளபடின்னு தெரியலை. அவன் அதைப் பெரிசா, மேல எங்கேயோ இருக்கிற ஒரு பொருளா நினைச்சுக்கிட்டுப் பேசுறான். அதனால அவன் வாயில வேற வார்த்தை குடுத்தேன். வேணும்னேதான் பண்ணினேன்."

மூணுதரம் யோசித்தார். "அப்ப அந்தப் பக்கம் பூரா பேசுறது எதிராளியா?"

"ஆமா."

"அது எனக்குத் தெரியலை. நான் ஒரே ஆள் பேசுறார்னு நினைச்சேன். அதான் ஆமாங்கிறார், இல்லைங்கிறார்னு தலை சுத்திச்சு."

அவள் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தை எடுத்தாள். "யார் பேசுறாங்கன்னு போட்டிருக்கணும்," என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "மூலத்துல இல்ல. மத்த மூணு பேரும் போடலை. நான் போட்டிருக்கலாம்." பிறகு நிமிர்ந்தாள். "பாதி புரியலைன்னு சொன்னீங்களாமே. எந்தப் பாதி?"

அவருடைய வாயில் ஒரு பட்டியலே தயாராக வந்து நின்றது. புரிந்த பாதியே இந்த ஜென்மத்துக்குப் போதும், புரியாத பாதி அடுத்ததுக்கு, என்ற மாதிரி. அதை விழுங்கிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். புத்தகத்தை வாங்கி, விரலை வைத்துக் காட்டினார். "இது. இது. அப்புறம் இந்தப் பக்கம் முழுசா. குதிரைக்கு அப்புறம் வர்றது சுத்தமா விளங்கலை."

ஒரு பெண்மணி வந்து சோபாவின் கையை அழுத்திப் பார்த்தாள். "இது எப்படிங்க, நல்லா இருக்குமா?"

"நடுவுல ஸ்பிரிங் போயிடுச்சு. நாங்க உக்காந்திருக்கிற இடத்துல," என்றார் மூணுதரம், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தப் பெண்மணி சற்றுத் தள்ளிப் போய்த் தன் கணவரைக் கூப்பிட்டு, இந்தச் சோபாவை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று காதில் சொன்னாள்.

மனைவி இதைக் கவனித்தாள். உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அந்தக் குழாய்க்காரர் என் வகுப்புல சேர்ந்துட்டார்," என்றாள். "அடிப்படை நிலை. மொழிபெயர்ப்புல இல்லைன்னா மூலத்துலதான் இருக்கணும்னு சொல்றார். நேத்து ராத்திரியே அக்கா வீட்டு ஹால்ல முதல் பாடம் எடுக்க வச்சுட்டார்."

"கத்துக்குவாரா?"

"நல்லா மனப்பாடம் பண்றார். ஒவ்வொரு எழுத்தையும் இது நிஜமா இந்த எழுத்துத்தானான்னு கேக்குறார்."

மூணுதரம் மெல்லக் கேட்டார். "அந்த ரூம்?"

"காலையில போனேன். வீட்டுக்காரர் 'காற்றோட்டமான அறை'ன்னு சொன்னார். ஜன்னல் மூடலை. உங்க ஞாபகம் வந்துச்சு." பெட்டியை மூடுவதுபோலப் புத்தகத்தை மூடினாள். "முன்பணம் குடுக்கலை. அகராதி அக்கா வீட்லயே இருக்கு, கனமா இருக்கும், நீங்கதான் தூக்கணும். மிச்சத்தை வீட்ல போய்ப் பார்க்கலாம்."

அகராதியை எடுக்கப் போனபோது சகலை பரணில் ஏணி போட்டு ஏறிக்கொண்டிருந்தார். கையை மட்டும் ஆட்டினார். திரும்பும் வழியில் மூணுதரம் வண்டியை ஓட்டிக்கொண்டே குதிரையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்: மூன்று பேரும் போனபிறகு அந்தக் குதிரை தன்னை என்னவென்று நினைத்துக்கொள்ளும்? அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை என்றாள் அவள். ஏன் அர்த்தமில்லை என்பதை வீடு வருகிறவரை சொல்லிக்கொண்டே வந்தாள்.